'எஸ்ஸேஸ் இன் லவ்': படித்தவர்களும் பாதியில் வைத்தவர்களும் கேட்ட கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கிறேன். எனாமல் தூக்குவாளி, மரவை, பெல்ஜியம் கண்ணாடி, வீடு இடித்தபோது வந்த நிலைக்கதவு எல்லாம் விலைக்கு. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரி மட்டும் விலைக்கு இல்லை. அதில் இருப்பவை இரவல் புத்தகங்கள். அவற்றில் அதிகம் கை மாறியதும் அதிகம் சண்டை இழுத்ததும் ஆலன் டி பாட்டன் எழுதிய 'எஸ்ஸேஸ் இன் லவ்' என்ற நாவல்தான். திருப்பித் தர வருகிறவர்கள் கேட்பதும், புதிதாக எடுக்க வருகிறவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் டீ சொல்லி விளக்கி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாய்மொழியில் இருக்கின்றன. பதிலில் தப்பு இருந்தால் அது என்னுடையது.

அண்ணே, இது கதையா கட்டுரையா? பேர்லயே 'எஸ்ஸே'ன்னு போட்டிருக்கே.

கதைதான். கட்டுரை வேஷம் போட்ட கதை. மொத்தம் 24 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், கிரயப் பத்திரத்தில் ஷரத்து எழுதுகிற மாதிரி. கதை சொல்கிறவனுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. ஒரு பத்தியில் காதலியோடு சாப்பிடப் போவான். அடுத்த பத்தியில் பிளேட்டோவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, இப்போது நடந்ததற்கு என்ன அர்த்தம் என்று விசாரிப்பான். சிலருக்கு இதுதான் பிடிக்கிறது. சிலர் இதனாலேயே மூன்றாவது நாள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

1993-ல் பிரிட்டனில் வெளியானது. அமெரிக்காவில் இதே புத்தகத்துக்குப் பெயர் 'ஆன் லவ்'. இரண்டும் வேறு வேறு என்று நம்பி இரண்டையும் காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்திசாலி இந்தத் தெருவில் உண்டு. அலமாரியில் இரண்டு பிரதி இருப்பது அதனால்தான்.

கதையச் சுருக்கமாச் சொல்லிருங்க. முடிவையும் சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் காலை, பாரீஸிலிருந்து லண்டன் போகும் விமானத்தில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் க்ளோயி என்ற பெண். பேசுகிறார்கள். இறங்குவதற்குள் அவனுக்குக் காதல் வந்துவிடுகிறது. பழகுகிறார்கள், சேர்ந்து இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவளுக்கு மெல்ல மெல்ல மனசு விலகி, அவனுக்குத் தெரிந்த வில் என்பவனிடம் போய்விடுகிறது. அதை அவள் அழுதுகொண்டே ஒப்புக்கொள்வதும் பாரீஸிலிருந்து லண்டன் திரும்பும் விமானத்தில்தான். அவன் உடைந்து போகிறான், தேறுகிறான், இனிமேல் காதலே வேண்டாம் என்று முடிவு கட்டுகிறான். கடைசிப் பக்கங்களில் ரேச்சல் என்று ஒருத்தி வருகிறாள். முடிவு கட்டியதெல்லாம் காற்றில் போகிறது.

இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டதால் புத்தகம் கெட்டுப்போகாது. இது நிகழ்ச்சிக்காகப் படிக்கிற கதை இல்லை.

எனக்கு இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். தத்துவம் வேற. முடியுமா?

முடியும். வாக்கியங்கள் சுத்தமானவை, அத்தியாயங்கள் சின்னவை. கான்ட், விட்கென்ஸ்டைன் என்று பெயர் வந்தால் மிரள வேண்டாம். கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிற மாதிரி நகர்ந்துவிடலாம். அடுத்த வரியிலேயே ஆசிரியர் அதை அன்றாட விஷயமாக இறக்கிவிடுவார். ஒரு அத்தியாயத்தில் காதலியின் முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றிப் பேச்சு வரும். பிளேட்டோ கணக்குப்படி அது குறை. கான்ட் வழியில் பார்த்தால், பார்க்கிறவனுக்கு அது அழகு. இதைப் புரிந்துகொள்ள டிகிரி வேண்டாம், பல் இடைவெளி உள்ள ஒருத்தரைப் பிடித்திருந்தால் போதும்.

பக்கத்து சீட்டுல உக்காந்ததுக்கு ஒரு கணக்குப் போடுறாரே, அது சரியா? நான் மேத்ஸ் வாத்தியார், எனக்கு இடிக்குது.

இடிக்கத்தான் வேண்டும். அதுதான் அந்த இடத்தின் வேலை. அன்று அந்த விமானத்தில், அந்த வரிசையில், தானும் க்ளோயியும் பக்கத்துப் பக்கத்தில் அமர்வதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று அவன் கணக்குப் போடுகிறான். 5840.82-க்கு ஒன்று என்று வருகிறது. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை காதலைக் கணக்குப் பார்க்கிறவனைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். பெருக்கல் தப்பா என்று சரிபார்க்கத் தேவையில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், அன்று பக்கத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தாலும் அதே அளவு அரிதான வாய்ப்புதான் வந்திருக்கும். அப்போது யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து காரைக்குடி வருகிறவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். பிடித்துப்போன பிறகுதான் அது 'அமைந்தது' ஆகிறது. இந்த ஓட்டை அவனுக்கும் தெரியும். தற்செயலாக வந்த ஒன்று தற்செயலாகவே வராமலும் போயிருக்கலாம் என்ற பயம் தாங்காமல்தான் அதற்கு விதி என்று பெயர் வைத்துக்கொள்கிறோம் என்கிறான். முதல் அத்தியாயத்தின் சாரம் அதுதான்.

நமக்கு இது புதிதில்லை. உன் தாயும் என் தாயும் யாரோ, உன் அப்பனும் என் அப்பனும் எந்த உறவோ, நீயும் நானும் எப்படித்தான் அறிந்தோமோ என்று கேட்கிற குறுந்தொகை 40-ஆம் பாட்டும் இதே வியப்புதான். அந்தப் புலவன் கணக்குப் போடவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீர் என்று சொல்லி முடித்துவிட்டான். ஐப்பசி மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எந்த நிறத்தில் ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நான் கம்பன் விழாவுக்கு வருஷம் தவறாமப் போறவன். 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்'னு ஒரே வரியில முடிச்சதை இவர் ஏன் 24 அத்தியாயமா இழுக்கிறார்?

1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் இந்தக் கேள்வி வராமல் போனால்தான் ஆச்சரியம். ஆனால் ஐயா, கம்பனும் அந்த ஒரு வரியோடு விடவில்லை. சில பாட்டுகள் தள்ளி, 'பிரிந்தவர் கூடினால் பேசல் வேண்டுமோ' என்று காரணம் சொல்கிறான். பாற்கடலில் சேர்ந்திருந்தவர்கள், இடையில் பிரிந்தவர்கள், இப்போது மிதிலையில் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால்தான் முதல் பார்வையிலேயே இவ்வளவு பழக்கம்.

அவர்களுக்குப் பாற்கடல் உண்டு. விமானத்தில் வந்த பையனுக்கு அது இல்லை. தெய்வம் சேர்த்து வைத்தது என்று சொல்ல வழியில்லாதவன், ஆனால் மனசு அப்படித்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அவதிக்குத்தான் 24 அத்தியாயம். வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம் எடுத்துக்கொண்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். இவர் ஒன்று குறைவாகத்தான் எழுதியிருக்கிறார்.

அப்ப பெரியவங்க பார்த்து முடிக்கிற கல்யாணத்துக்கு இந்தப் புத்தகம் எதிரா? என் மக இதக் கையில வச்சிருக்கா, அதான் கேக்குறேன்.

எதிர் இல்லை. ஆதரவும் இல்லை. பெரியவர்கள் பார்த்து முடிக்கிற கல்யாணம் என்ற பேச்சே அதில் வராது. ஆனால் நம் ஊரில் படிக்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கையோடு கொண்டுபோய்த்தான் படிக்கிறார்கள். நகரத்தார் வீடுகளில் ஒன்பது கோயில் கணக்கு முதலில் வரும். ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க முடியாது. உட்பிரிவு உள்ள கோயில் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. பிறகு ஜாதகம், பிறகு சீர் பேச்சு, கல்யாணத்தன்று இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவது. எல்லாம் ஏட்டில் இருக்கும். மேலே சொன்ன மேத்ஸ் வாத்தியார் 5840.82 போல இதற்கும் ஒரு கணக்குப் போட முயன்று, கோயிலுக்குக் கோயில் புள்ளி, அதாவது கல்யாணமான ஜோடிகளின் எண்ணிக்கை வேறு என்பதால் கைவிட்டார்.

ஆனால் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம் பேசுகிற விஷயம் இந்த ஏட்டுக்குள்ளும் நடக்கிறது. அறிமுகம் இல்லாத ஒருவருக்கு, நம்மிடம் இல்லாத எல்லா நல்ல குணத்தையும் நாமே ஏற்றி வைத்துவிட்டு, பிறகு அவர்மேல் ஆசைப்படுவது. பெண் பார்க்கப் போய் காபி டம்ளர் நீட்டிய கையை மட்டும் பார்த்துவிட்டு வந்த எத்தனை மாப்பிள்ளைகள் அன்று ராத்திரி தூங்கவில்லை! அவர்கள் காதலித்தது யாரை?

இன்னொன்றும் சொல்கிறேன். கோட்டையூர்ப் பக்கமிருந்து ஒரு ஆச்சி சீர்ப் பாத்திரங்களை எடைக்குப் போட வந்தார்கள். பித்தளை அண்டா, குடம், அடுக்குச் சட்டி. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவர்களின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. எல்லாவற்றையும் தராசில் வைக்கச் சொன்னவர்கள், ஒரு சின்னச் சொம்பை மட்டும் திரும்ப எடுத்து முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தார்கள். அதில் எழுத்தே இல்லை. "இது சீர்ல வந்ததில்லப்பா. அவுக மதுரைக்குப் போனப்ப வாங்கியாந்தது," என்றார்கள். எடையில் ஒரு கால் கிலோ குறைந்தது.

'மார்க்சிசம்'னு ஒரு அத்தியாயம் இருக்கே தோழர், அதுல என்ன லைன் எடுக்கிறார்?

ஏமாந்துவிட்டீர்கள் தோழர். அது காரல் மார்க்ஸ் இல்லை, க்ரூச்சோ மார்க்ஸ். அமெரிக்க நகைச்சுவை நடிகர். என்னைப் போன்ற ஆளை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிற கிளப்பில் எனக்குச் சேர விருப்பமில்லை என்பது அவர் பெயரில் வழங்கும் ஜோக். காதலிலும் அதுதான் நடக்கிறது என்கிறார் ஆசிரியர். எட்டாத உயரத்தில் இருக்கிறாள் என்று ஏங்குகிறோம். அவள் திரும்பி 'எனக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது' என்று சொன்னவுடன், என்னைப் போய்ப் பிடிக்கிறது என்றால் இவளுக்கு ரசனை சரியில்லையோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

படித்தவர்களில் அதிகம் பேர் பென்சில் கோடு போட்டிருப்பது இந்த அத்தியாயத்தில்தான். யார் யார் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு ஜோடி செருப்புக்காக அவ்வளவு பெரிய சண்டையா? படிச்சவங்க மாதிரியா நடந்துக்கிறாங்க?

க்ளோயி ஆசையாக ஒரு ஜோடி ஷூ வாங்கி வருகிறாள். அவனுக்கு அது சகிக்கவில்லை. 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல மாட்டேன் என்கிறான். கண்ணாடி உடைகிற வரை போகிறது. அதன் பிறகு அவன் கேட்கிற கேள்வி நல்ல கேள்வி. தெருவில் போகிறவன் எவ்வளவு அசிங்கமான செருப்புப் போட்டிருந்தாலும் நாம் பேசாமல் போகிறோம். காதலிக்கிறவளிடம் மட்டும் ஏன் அந்தப் பெருந்தன்மை வருவதில்லை? 'உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்' என்று ஆரம்பித்துத்தானே எல்லாக் கொடுமையும் நடக்கிறது? வீட்டில் மட்டுமில்லை, மக்கள்மேல் அன்பு என்ற பெயரில் ஆட்சி நடத்துகிறவர்களும் அப்படித்தான் என்று பேச்சு அங்கிருந்து அரசியலுக்குத் தாவுகிறது.

சின்னக் காரணத்துக்குப் பெரிய சண்டை என்பது வள்ளுவர் வீட்டிலும் உண்டு. புலவி நுணுக்கம் அதிகாரத்தில் கணவன் தும்முகிறான். வாழ்த்தியவள் உடனே, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். நினைக்கிறவர்களை மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. ஆனால் வள்ளுவருக்கு ஊடல் காதலுக்கு உப்பு, நூலே ஊடலுவகை என்ற அதிகாரத்தோடுதான் முடிகிறது. இவர் புத்தகத்தில் பிற்பகுதியில் வரும் ஊடல் வேறு மாதிரி. போகப் பார்க்கிறவளை இழுத்துப் பிடிக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. அதற்கு 'காதல் தீவிரவாதம்' என்றே பெயர் வைத்திருக்கிறார். திரும்பி வர மனசில்லாதவளிடம் ஊடல் செல்லாது. உப்புக் கூடிப்போன குழம்பை என்ன செய்ய முடியும்?

மார்ஷ்மெலோன்னா என்னண்ணே? அதைப் போய் ஏன் காதலிகிட்டச் சொல்றான்?

பஞ்சு மாதிரி அமுங்குகிற ஒரு இனிப்பு. ஒரு நாள் கடைப் பேச்சு முழுக்க இதிலேயே போனதால், பெரிய பேக்கரி ஒன்றில் தேடி ஒரு பாக்கெட் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். எதிர்வீட்டு ஆச்சி ஒன்றை வாயில் போட்டு, "ரப்பர் மாதிரி இருக்கு. ரெண்டு கந்தரப்பம் சுட்டுக் குடுத்தா அந்தப் பிள்ளை போயிருக்க மாட்டா," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். அவனுக்குக் காதலைச் சொல்ல வேண்டும். 'ஐ லவ் யூ' என்பது ஊரெல்லாம் புழங்கித் தேய்ந்த காசு மாதிரி இருக்கிறது. அப்போது உணவக மேசையில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் மார்ஷ்மெலோ தெரிகிறது. 'நான் உன்னை மார்ஷ்மெலோ செய்கிறேன்' என்கிறான். அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர்கள் இருவருக்கு மட்டும்.

இதைப் படித்துவிட்டு ஒரு பாத்திரக் கடைக்காரர் சொன்னது: "எங்க வீட்ல அப்ப பத்துப் பன்னெண்டு பேரு. நேரா என்னத்தப் பேசுறது? நான் வந்து முகப்புல செருப்பைக் கழட்டுனா, உள்ளேருந்து 'கணக்கு எழுதியாச்சா'ன்னு கேப்பா. எழுதியாச்சுன்னா சந்தோஷமா இருக்கேன்னு அர்த்தம். இன்னும் இல்லேன்னா மனசு சரியில்லன்னு அர்த்தம். எங்கம்மா சாகுறவரைக்கும் நான் கடைக் கணக்குலதான் குறியா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே செத்தாங்க." அவர் முழுப் புத்தகத்தையும் படிக்கவில்லை. இந்த அத்தியாயத்தை மட்டும் இரண்டு தடவை எடுத்துப் போனார்.

எல்லாம் நல்லாத்தானே போகுது, ஸ்பெயினுக்குப் போன எடத்துல அவளுக்கு ஏன் உடம்பு முடியாமப் போகுது?

சந்தோஷத்தைக் கண்ட பயம். அங்குள்ள கிராமத்து டாக்டர் அதற்கு ஒரு நோய்ப் பெயரே சொல்கிறார். ஆசைப்பட்டது பிறகு நடக்கும், முன்பு நடந்தது என்று இருக்கிறவரை தொல்லை இல்லை. இதோ, இப்போது, கையில் இருக்கிறது என்றால்தான் உடம்பு நடுங்குகிறது.

'ரொம்பச் சிரிக்காதே, அழப்போறே' என்று சின்ன வயதில் அதட்டு வாங்கி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். டாக்டரிடம் போயிருக்க மாட்டோம், சுற்றிப் போட்டிருப்போம்.

சரி, அவன் புலம்புறது எல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு பக்கத்துப் பேச்சு எங்க? ஒரு அத்தியாயம் அவளுக்குக் குடுத்தா என்ன?

இதைக் கேட்காத பெண் வாசகரே இல்லை. ஆண்களில் இரண்டே பேர் கேட்டார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், க்ளோயி பேசுகிற வாக்கியங்களுக்கு மட்டும் பச்சை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறார். பாதிக்கு மேல் பச்சை மெலிந்துகொண்டே வருகிறது. அவள் விலகத் தொடங்கும் இடத்தில் பக்கம் பக்கமாக வெள்ளையாக இருக்கிறது. பிரதியைத் திருப்பித் தந்தபோது, "இவன் அவளைக் காதலிக்கல அங்கிள், அவளைப் பத்தி நோட்ஸ் எடுக்கிறான்," என்றார்.

ஆசிரியருக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணக் கேள்விக்கான பதிலில் சொன்னேனே, ஆளை நாமே கட்டி எழுப்பிக்கொள்வது பற்றி. அதுதான் கதை என்றால், அவளை நமக்கு முழுசாகக் காட்டாமல் விட்டதே அதற்குச் சாட்சி. அவனுக்குத் தெரியாத க்ளோயி நமக்கும் தெரியக் கூடாது. இந்த வாதத்தை நானே பல தடவை கடையில் சொல்லியிருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட பிரதியைப் புரட்டிப் பார்த்த பிறகு பாதிதான் நம்புகிறேன். மார்ஷ்மெலோவைப் புரிந்துகொண்டவள் என்ன நினைத்தாள் என்று ஒரே ஒரு பக்கம் இருந்திருந்தால், செருப்புச் சண்டை இன்னும் உறைத்திருக்கும். அதை எழுதாதது அவனுடைய குருட்டுத்தனமா, ஆசிரியருடைய குருட்டுத்தனமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆசிரியருக்கும் அப்போது சின்ன வயது.

அவன் சாகப் போற மாதிரி ஒரு அத்தியாயம் வருதாமே. பத்தாவது படிக்கிற பையன் கையில குடுக்கலாமா?

வேண்டாம். பள்ளி முடிக்கட்டும். அந்த அத்தியாயத்தை ஆசிரியர் கேலிக்கூத்தாக முடித்திருக்கிறார், அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அதைச் சிரித்துக் கடக்க ஒரு பக்குவம் வேண்டும். பெரியவர்களிலேயே சிலருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, எனக்கும் அது கொஞ்சம் மலிவாகத்தான் பட்டது. வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே அப்படி மனசு சோர்ந்திருந்தால் புத்தகத்தைத் தூரப் போட்டுவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, தமிழில் பேசுவார்கள், காசில்லை.

இருபத்து மூணு வயசுப் பையன் எழுதுனதாமே. அவனுக்குக் குடும்பம்னா என்ன தெரியும்?

வெளிவந்தபோது 23 தான். 1969 கடைசியில் ஜூரிச்சில் பிறந்தவர். குடும்பத்தைப் பற்றி இந்தப் புத்தகத்தில் அவர் பேசவே இல்லை, ஆரம்பமும் முடிவும்தான் பேசுகிறார். நடுவில் உள்ள நீளம் அவருக்கு அப்போது தெரியாது. அதை அவரே உணர்ந்த மாதிரி, 23 வருஷம் கழித்து 2016-ல் 'த கோர்ஸ் ஆஃப் லவ்' என்று இன்னொரு நாவல் எழுதினார். எடின்பரோவில் வாழும் ராபி, கிர்ஸ்டன் என்ற தம்பதி. கதை காதலில் தொடங்கினாலும் நிற்பது கல்யாணத்துக்குப் பிறகு. வீட்டுச் சாமான் கடையில் எந்த டம்ளர் வாங்குவது என்பதில் சண்டை, பிள்ளைகள், அவன் செய்கிற துரோகம், ஆலோசகரிடம் போவது. பல வருஷம் குடும்பம் நடத்தி இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான், தான் கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. நடுநடுவே சாய்வெழுத்தில் ஆசிரியர் வந்து பேசிவிட்டுப் போவார். சிலருக்கு அது எரிச்சல், எனக்குப் பழகிவிட்டது.

செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது புத்தகம்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. காரணம் எனக்குத் தெரிந்தவரை 'வேறு வைப்பது'. கல்யாணம் முடிந்த ஜோடியைப் பெரிய வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனி அரிசி பருப்பு, தனி வரவு செலவு என்று பிரித்து வைத்துவிடுவார்கள். கோயில் கணக்கில் அவர்கள் ஒரு புள்ளி. வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றி அண்ணன் தம்பி எல்லோரும் இருப்பார்கள், ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால் அது அந்த இரண்டு பேர் பாடு. டம்ளர் சண்டை எவ்வளவு முக்கியமானது என்று அந்த வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்ப எதை முதல்ல படிக்க?

கல்யாணம் ஆகாதவர்கள் பழையதை. ஆனவர்கள் புதியதை. இரண்டாம் கல்யாணத்துக்குப் பேச்சு நடக்கிறவர்கள் இரண்டையும். (ஒருவர் அப்படிப் படித்தார். கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்து கொடுத்தார்.)

அண்ணே, நேராக் கேக்குறேன். என்னை ஒருத்தி விட்டுட்டுப் போயிட்டா. இதப் படிச்சா மறக்குமா?

மறக்காது தம்பி. எழுதினவனுக்கே மறக்கவில்லை, 24 அத்தியாயம் எழுதியிருக்கிறான். புத்தகத்தின் கடைசியில் அவனும் உன்னை மாதிரிப் புத்தகத்தில் மருந்து தேடிப் பார்க்கிறான். இனி உணர்ச்சிவசப்படாமல் இருப்பது என்று உறுதி எடுக்கிறான். ஒரு ராத்திரி விருந்தில் அந்த உறுதிக்கு ஆன கதியை மேலே இரண்டாம் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நடக்கலாம். உனக்கு நடந்தது உலகத்தில் உனக்கு மட்டும் நடந்த மாதிரி இப்போது தோன்றும். லண்டனில் ஒருவன், உன் பாஷை தெரியாதவன், நீ வாட்ஸப்பில் நீலக் கோடு வந்துவிட்டதா என்று பார்க்கிற அதே பதற்றத்தோடு டெலிபோன் மணிக்குக் காத்திருக்கிறான். அதைப் படிக்கும்போது உனக்குக் கொஞ்சம் கோபம் வரும், நம் துக்கத்தை இவன் எப்படி எழுதினான் என்று. அந்தக் கோபம் நல்லது. சாயங்காலம் கடைக்கு வா, பூட்டும் வரை உட்காரலாம். பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எனாமல் தூக்கு துடைக்க ஆள் வேண்டியிருக்கிறது.

புத்தகம் இப்ப யார்ட்ட இருக்கு? எப்பக் கிடைக்கும்?

'ஆன் லவ்' பிரதி பள்ளத்தூரில் ஒருவரிடம் பங்குனியிலிருந்து இருக்கிறது. அவர் முடிக்கவில்லை, முடிக்கவும் போவதில்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் வாங்கி வாருங்கள். 'எஸ்ஸேஸ் இன் லவ்' என்று அட்டையில் இருப்பது பச்சைக் கோடு போட்ட பிரதி. அது கடையில்தான் இருக்கிறது, கல்லாவுக்குப் பக்கத்து மூன்றடுக்குத் தூக்கில், மேல் தட்டில். செருப்புச் சண்டைப் பக்கத்தில் மஞ்சள் விரல் ரேகை இருக்கும், அது அச்சுப் பிழை இல்லை. பென்சில் கோடு போடலாம், பேனா கூடாது. பதினைந்து நாள். டெபாசிட் வேண்டாம், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள்.